அப்பா தொடாத நாலு போல்ட்

எங்கள் அப்பாவுக்குப் பண்ணையில் டேங்க்காரர் என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. ஆள் ஒல்லி, காற்றடித்தால் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவர். பண்ணையின் டீசல் டேங்க் அவர் பொறுப்பு. டிராக்டரோ அறுவடை மெஷினோ ஜெனரேட்டரோ, எது வயிறு காய்ந்து வந்தாலும் அவர் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். சுவிட்சைப் போட்டு, பம்பு முனகத் தொடங்கியதும் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு போய், ஒரு சொட்டு மண்ணில் விழாமல் ஊற்றிவிட்டு வருவார். "பெத்த பிள்ளைங்களுக்கு ஒரு வாய் ஊட்டினதில்ல, மெஷினுக்கு மட்டும் மடியில வெச்சு ஊட்டுவாரு" என்பாள் அம்மா.

அவர் படித்தது கொஞ்சம். நான் அதைவிடக் கொஞ்சம் கூட. ஒன்பதாவதில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் பொறுக்க முடியாமல் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு பண்ணையில் எடை போடும் கொட்டகையில் வேலை. எனக்கு வாலு என்று பெயர். ஏன் என்று கேட்டால் பண்ணையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். முக்கால்வாசி உண்மைதான்.

அப்பா டிராக்டர் கழுவும் வேலைக்காகத்தான் இந்தப் பண்ணைக்கு வந்தார். கழுவுகிற கையோடு எது எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வாராம். அதைப் பார்த்து டேங்க் சாவியைக் கொடுத்தார்கள். சொட்டு என்றால் அவருக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால்கூடச் சுவரேறிக் குதித்துப்போய் முடுக்கிவிட்டு வருவார். சொந்தக்காரர் ஒருவர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டார். என்ன கோபமோ என்று பெண் வீட்டார் பதறிப்போய்த் தேடினால், கை கழுவுகிற டிரம்முக்குக் கீழே மல்லாந்து படுத்துக் குழாய்க்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையைவிட அவரைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

அப்படிப்பட்டவர் தன் சொந்தப் பம்பு சொட்டுவதைப் பார்த்தும் பார்க்காதவர் போல் இருந்தார். பம்புக்கு அடியில் ஒரு காலி டப்பாவை வைத்தார். நிறைந்தால் எடுத்துத் திரும்ப டேங்கில் ஊற்றினார். பிறகு இன்னும் பெரிய டப்பா வைத்தார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பம்பின் முகத்தில் ஒரு வட்ட மூடி உண்டு. அதை நாலு போல்ட் பிடித்திருக்கிறது. அந்த நாலையும் கடைசியாக முடுக்கியவன் என் அண்ணன்.

அண்ணனும் டேங்கில்தான் வேலை செய்தான். அவனுக்கு ஒரு பழக்கம். போல்ட்டை முடுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து மூடி வரைக்கும் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுப்பான். போல்ட் தானாகக் கழன்றால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும், ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. நகப்பூச்சு என்னுடையது. "பம்புக்குப் பூசறியே, அது உன் பொண்டாட்டியாடா?" என்று கேட்டால், "உன் விரலைவிட அழகா இருக்கில்ல" என்பான். போன அறுவடையின்போது அவன் அந்தப் பம்பைப் பிரித்து, உள்ளே சுத்தம் செய்து, புது ஓரிங் போட்டு மூடினான். ஓரிங் என்பது மூடிக்கடியில் உட்காரும் கறுப்பு ரப்பர் வளையம். டீசலை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அதுதான். மூடினான், கோடு போட்டான். சில நாளில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொண்டுபோனவர்கள் மட்டும் திரும்பி வந்தோம்.

அதற்குப் பிறகு அந்த போல்ட்டுகளை யாரும் தொடவில்லை. அப்பா தினமும் பம்பைத் துடைப்பார். அந்த மூடிக்கு வரும்போது மட்டும் துணியை விரலில் சுற்றி, கோட்டைச் சுற்றிச் சுற்றிப் போவார், தூங்குகிற குழந்தையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி.

இந்த அறுவடை தொடங்கிய காலையில் மேனேஜர் நேராக டேங்குக்கே வந்துவிட்டார். கையில் கன்றுக்குட்டிகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியிலிருந்து மொண்ட ஒரு வாளி. தண்ணீர் மேல் டீசல் மினுமினுப்பு வளையம் வளையமாக ஓடியது.

"என்னய்யா இது? கன்னுக்குட்டிக்கும் டீசல் ஊத்தி வயலுக்கு ஓட்டலாம்னு பாக்கறியா?"

டப்பா நிரம்பி வழிந்து, வாய்க்கால் வழியாகத் தொட்டிக்குப் போயிருந்தது. அப்பா வாளியையே பார்த்தார்.

"இன்னைக்குச் சரி பண்ணிடறேன் சார்."

"மதியம் வரைக்கும் பாரு. புதுப் பம்புக்குச் சொல்லியாச்சு, வண்டி டவுன்ல இருந்து கிளம்பிடுச்சு. இது நிக்கலைன்னா கழட்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுட வேண்டியதுதான். எனக்கும் கஷ்டமாத்தான்யா இருக்கு." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் மூடியைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை.

ஆக, விஷயம் இதுதான். மதியத்துக்குள் சொட்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் கைபட்ட பம்பே இருக்காது.

அப்பா வேலையைத் தொடங்கினார். முதலில் ஹோஸ் சேரும் இடத்தைக் கழற்றி, டெஃப்லான் டேப் சுற்றி முடுக்கினார். சொட்டியது. ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து வாஷர் மாற்றினார். சொட்டியது. ஹோஸ் முனையிலிருக்கும் டீசல் கன்னைப் பிரித்துப் பார்த்தார். அது பம்பிலிருந்து அவ்வளவு தூரத்தில் தொங்குகிறது, அதற்கும் இந்தச் சொட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. வயிற்றுவலிக்காரனுக்குக் காலில் கட்டுப் போடுகிற மாதிரி.

டேங்க் உயரமான மேடையில் நிற்கிறது. பம்பு ஓடாவிட்டாலும் வால்வு திறந்திருந்தால் டீசல் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். சொட்டுக்கு ஓய்வே இல்லை.

அறுவடை மெஷின் டிரைவர் அதற்குள் வந்து வரிசையில் முதலாவதாக நின்றிருந்தார். அவருக்கு அவசரம் என்று பெயர். செருப்பை மாட்டுவதற்கு முன்பே நடக்கத் தொடங்குகிற ஆள்.

"அண்ணே, பயிர் முத்திப்போய் நிக்குது. நீங்க பம்புக்கு நாடி பாத்துக்கிட்டு இருக்கீங்க."

"பேசாம இரு."

"பேசாம இருந்தா மட்டும் டீசல் ஏறிடுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். "வாலு, வீட்டுக்குப் போய்ப் பவுடர் டப்பா எடுத்துட்டு வா."

ஒழுகல் எங்கே என்று தெரியாவிட்டால் அப்பா செய்கிற வைத்தியம் இது. எல்லாவற்றையும் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மூட்டுகளில் தட்டிவிடுவார். டீசல் எங்கே கசிகிறதோ அங்கே வெள்ளை முதலில் கறுக்கும். அம்மா டப்பாவைத் தரும்போதே, "நான் பூசி வருஷமாச்சு, அந்தச் சனியனுக்கு வாராவாரம் பவுடர்" என்றாள். ஆனால் கொடுத்தாள், பாதி டப்பா இருந்தது.

அப்பா ஹோஸ் மூட்டுக்குப் பவுடர் தட்டினார். ஃபில்டருக்கும் வால்வுக்கும் தட்டினார். பம்பின் முதுகுக்குக்கூடத் தட்டினார். மூடிக்கு மட்டும் தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹோஸ் மூட்டின் அடியில் பவுடர் கறுத்தது.

"பாத்தியா? ஹோஸ்தான். வாஷர் சரியில்ல."

சொட்டு விழுகிற இடம் வேறு, பிறக்கிற இடம் வேறு, டீசல், திருடனைப்போல் ஒட்டி ஒட்டி நடந்து அடுத்த வீட்டு வாசலில் போய் எட்டிப்பார்க்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் இவர்தான். அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சுற்றி வருகிறார்.

அவர் வாஷர் எடுக்க ஸ்டோருக்குப் போன நேரத்தில் நான் டப்பாவை எடுத்து, மூடி முழுக்க அப்பினேன். கோடுகளின் மேல் படாமல்தான் அப்பினேன். அவசரம் சிரித்தார்.

"என்னடி, பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"ஆமா. மாப்பிள்ளை நீங்கதான். மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு வந்து நில்லுங்க."

அவர் இன்னொரு பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மூடியின் கீழ் விளிம்பில், அடி போல்ட்டுக்குப் பக்கத்தில், பிறை மாதிரி ஒரு ஈரம் தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாகி, வழிந்து, பம்பின் வயிற்றோடு நடந்து, ஹோஸ் மூட்டுக்குப் போய்ச் சொட்டாகத் தொங்கியது. அவசரம் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அப்பா வாஷரோடு திரும்பி வந்தார். பார்த்தார்.

"யாரு இதைத் தொடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

"வாஷர் மாத்தினா நின்னுடும்."

"நிக்காதுப்பா."

"நிக்கும்னு சொல்றேன்ல!"

அண்ணன் போன பிறகு அப்பா கத்தி நான் கேட்டதே இல்லை. அவசரம் தன் மெஷினுக்கு ஏதோ வேலை இருப்பதுபோல் அதன் பின்பக்கம் போய்விட்டார். போகும் அவசரத்தில் பீடிக்கட்டைக் கீழே போட்டார், அதை எடுக்கக்கூடத் திரும்பவில்லை.

"அப்பா, புதுப் பம்பு வண்டியில வந்துக்கிட்டு இருக்கு. அது வந்து இறங்கினா இதைத் தூக்கி இரும்புக் கடைக்குப் போட்டுடுவாங்க. கோடும் சேந்துதான் போகும். நீங்களே திறந்தீங்கன்னா பம்பாவது நமக்கு மிஞ்சும்."

அவர் வாஷரைச் சட்டைப் பையில் போட்டார். வால்வை மூடினார். ஸ்பேனரைத் துடைத்தார், சுத்தமாக இருந்ததைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு மேல் போல்ட்டில் மாட்டினார்.

காய்ந்த நகப்பூச்சு உடையும்போது சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நகம் வெட்டுகிற மாதிரிச் சின்னதாக ஒரு சத்தம். கோடு இரண்டாகியது. பாதி போல்ட்டோடு சுற்றிப் போனது, பாதி மூடியிலேயே நின்றது. அப்பா மூச்சை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். நாலும் அப்படித்தான் போயின.

மூடியைக் கையில் எடுத்துத் திருப்பினார். விளிம்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில், கசிவை அடைக்கிற கேஸ்கெட் பசை. அதற்குள்ளே ஓரிங். ஓரிடத்தில் பள்ளத்தில் உட்காராமல் வெளியே பிதுங்கி, மூடியில் நசுங்கி, அரிவாள் பட்ட மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. வெட்டுக்கு மேல் பசையை அப்பி மூடியிருக்கிறான். இத்தனை நாள் பசைதான் டீசலைப் பிடித்து வைத்திருக்கிறது. இப்போது காய்ந்து பிளந்துவிட்டது.

அப்பாவின் முகம் சிவந்தது.

"மடப்பயல். முட்டாப்பயல். வளையம் உக்காந்திருக்கான்னு விரலை விட்டு ஒரு சுத்து பாக்கத் தெரியாது? பசையாம் பசை. சோம்பேறிங்க போடறதுடா பசை! எத்தனை தடவைடா சொல்லியிருக்கேன்!"

சொல்லத்தான் வேண்டும், எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. செத்துப்போனதிலிருந்து அண்ணன் ரொம்ப நல்லவனாகிவிட்டான். அவன் என் தலையில் குட்டியது, அம்மா ஒளித்து வைத்ததைத் தின்றது, அப்பாவின் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்த் தொலைத்தது எல்லாவற்றையும் வீடு மறந்துவிட்டது. யாருமே அவனைத் திட்டுவதில்லை. இப்போது அப்பா அவனை 'டா' போட்டுத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு அவன் அங்கேயே தலையைச் சொறிந்தபடி நிற்கிற மாதிரி இருந்தது.

திட்டு பாதியில் நின்றது.

"அவன் பசை போட மாட்டானே" என்றார் அப்பா, மெதுவாக.

விரலால் வெட்டைத் தடவினார். பிறகு போல்ட்டுகளை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். மூன்று போல்ட்டில் கோட்டின் பாதி நேராக இருந்தது. கடைசியாக முடுக்குகிற அடி போல்ட்டில் மட்டும் அது நெளிந்து, தலையைத் தாண்டி வழிந்திருந்தது. இத்தனை நாள் சுற்றிச் சுற்றித் துடைத்த கோடு. பக்கத்திலிருந்து பார்த்தும் அவருக்கு அதன் கோணல் தெரியவில்லை. எனக்கும்தான்.

"கை நடுங்கியிருக்கு."

அந்த போல்ட்டை என் பக்கம் நீட்டினார்.

"அன்னைக்கே காய்ச்சல் இருந்திருக்கு வாலு. குளிர்ல கை ஆடியிருக்கு. வளையத்தை உக்கார வைக்க முடியல. நான் அந்தப் பக்கத்துல நின்னு, சீக்கிரம் மூடுடா, மெஷின் எல்லாம் நிக்குதுன்னு கத்திக்கிட்டு இருந்தேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது எப்போதிலிருந்து காய்ச்சல் என்றுதான். "நேத்துல இருந்துதான் சார்" என்றார் அப்பா. கடைசியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று இழுத்தபோதும், "நேத்துதானே சார் சுட்டுச்சு" என்றார். அந்த 'நேத்து' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் இத்தனை மாதம் எழுந்து நடமாடினார். இப்போது மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நேற்று எத்தனை நாள் பின்னால் போகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்தேன்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. அது எப்போதும் என்னைக் கேட்காமல்தான் திறக்கும்.

"காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்லப்பா. அது நான் பண்ணின வேலை."

"என்ன?"

"அன்னைக்கு அவன் வளையத்தை வெச்சு மூடியை மூட வந்தான். நான் பின்னால போய்க் காதுகிட்ட பாம்புன்னு கத்தினேன். துள்ளிட்டான். மூடி நழுவி வளையத்து மேல விழுந்து நசுங்கிடுச்சு. வேற வளையம் ஸ்டோர்ல இல்ல. உங்ககிட்ட சொன்னா ரெண்டு பேர் தோலையும் உரிச்சிடுவீங்கன்னு பசையைத் தடவி மூடிட்டான்."

"கோடு?"

"கோடு போடும்போது நான் திரும்பவும் இடிச்சேன். அவன் ஸ்பேனரால என் முட்டியில தட்டினான். இதோ, இங்க." முட்டியைக் காட்டினேன். அங்கே ஒரு தழும்பு உண்டு, வேலி ஏறி விழுந்தது. பொய்யை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, கையில் ஏதாவது ஒரு சாமான் கொடுத்து அனுப்ப வேண்டும்.

சொன்னதில் ஒரு சொல்கூட உண்மையில்லை. அன்று முழுக்க நான் பண்ணையிலேயே இல்லை.

அப்பா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நான் பண்ணையில் சம்பாதித்த கெட்ட பெயர் அத்தனையையும் மனதுக்குள் துணைக்குக் கூப்பிட்டேன். அவர் கண்கள் என் முட்டிக்குப் போய், திரும்ப முகத்துக்கு வந்தன.

"கழுதை" என்றார். குரல் உடைந்திருந்தது. பிறகு சரியாகியது. "கழுதை! வேலை செய்யறவன்கிட்ட விளையாடுவியா? கை போயிருந்தா? அறிவு இருக்கா உனக்கு? பொம்பளப் புள்ளையா நீ, குரங்கு!"

திட்டிக்கொண்டே பசையைச் சுரண்டினார். திட்டிக்கொண்டே பள்ளத்தைத் துடைத்து, ஸ்டோரிலிருந்து புது வளையம் கொண்டுவந்து டீசலில் நனைத்து உட்காரவைத்து, விரலை விட்டு ஒரு சுற்றுப் பார்த்தார். நடுவில் ஒருமுறை முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவசரம் கீழே போட்ட பீடிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூடியை வைத்து நாலு போல்ட்டையும் முடுக்கி வால்வைத் திறந்தார். பம்பின் வயிறு காய்ந்தே இருந்தது. மறுபடி தட்டிய பவுடர் வெள்ளையாகவே நின்றது.

புதுப் பம்பு வந்து இறங்கிய நேரத்தில் அறுவடை மெஷின் டீசல் குடித்துவிட்டு வயலில் இருந்தது. "என்னய்யா கோளாறு?" என்று மேனேஜர் கேட்டார்.

"எல்லாம் இவளாலதான் சார். அவன் வேலை பாக்கும்போது பாம்புன்னு கத்தியிருக்கா. புள்ள துள்ளிட்டான். அவன்மேல தப்பில்ல சார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். புதுப் பம்பைப் பிரிக்காமலே ஸ்டோரில் வைக்கச் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா திட்டினார். சாப்பிட உட்கார்ந்தும் விடவில்லை. அம்மாவிடம் முதலிலிருந்து சொன்னார்: பாம்பு, துள்ளல், பசை, முட்டியில் தட்டியது. நான் சொல்லாததையும் ஒன்றிரண்டு சேர்த்திருந்தார். அண்ணன் அதற்கப்புறம் விழுந்து விழுந்து சிரித்தானாம்.

அம்மா கரண்டியோடு நிமிர்ந்தாள். "அன்னைக்கா? அன்னைக்கு இவ பல்வலின்னு என்கூட டவுனுக்கு…"

நான் அவளைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டைப் பிசைந்த கை அப்படியே நின்றிருந்தது.

அம்மா குனிந்து அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். "இவளை என்ன பண்றதுன்னே தெரியலங்க" என்றாள். "பெத்த நாள்ல இருந்து இதே வாலுத்தனம்."

"நல்லாக் கேளு" என்றார் அப்பா. மறுபடி திட்டத் தொடங்கினார். கை பிசைந்தது, வாய் மென்றது. ரொம்ப நாளைக்கப்புறம் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அந்தப் பல்வலி நாள் காலையில் என்னையும் அம்மாவையும் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டது அப்பாதான். சன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்து, பஸ் திரும்பும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்.